ரீச்சரிடம் கேளுங்கள்: ஆடி மாதக் கடிதங்கள்

ஆடி பிறந்தால் திருகோணமலைக்கு இரண்டு கூட்டம் வரும். ஒன்று, ஆடி அமாவாசைக்குக் கடலில் தீர்த்தமாட வருகிறவர்கள். மற்றது, பள்ளிக்கூட விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் தாய் தகப்பன்மாரும். முதல் கூட்டம் அன்றைக்கே முழுகிவிட்டுப் போய்விடும். இரண்டாவது கூட்டம் நாலு கிழமை நின்று, போகும்போது என் மேசையில் இவ்வளவு கடிதங்களை விட்டுவிட்டுப் போகிறது. கடிதம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். தாளில் வந்தது ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் வாட்ஸ்அப், அதிலும் பாதி குரல் பதிவு. ஒரு அம்மா ஒன்பது நிமிடம் பேசி முடித்துவிட்டு, "சரி ரீச்சர், இனி விசயத்துக்கு வாறன்" என்கிறார். வழக்கம்போலப் பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

கேள்வி: மகள் குடும்பம் ஐந்து வருடத்துக்குப் பிறகு ரொறன்ரோவிலிருந்து வந்து நிற்கிறது. பேத்திக்குப் பதினான்கு, பேரனுக்குப் பதினொன்று. நண்டும் இறாலும் பாரையுமாக நான் காலை ஐந்து மணிக்கே குசினிக்குள் போகிறேன். இரண்டு பேரும் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு போனைப் பார்க்கிறார்கள். நான் ஏதாவது கேட்டால் தாயின் முகத்தைப் பார்க்கிறார்கள். தாய் அவர்களுக்கு இங்கிலீசில் ஏதோ சொல்கிறாள், பிறகு எனக்குத் தமிழில் ஏதோ சொல்கிறாள். கோணேசர் கோவிலுக்குப் பேத்தி கட்டைக் காற்சட்டையோடு வெளிக்கிட்டு நின்றாள். அது பெரிய சண்டையாகி ஒருவரும் போகவில்லை. என் வீட்டில் நானே விருந்தாளி மாதிரி இருக்கிறேன்.
(ஒரு அம்மம்மா, உவர்மலை)

பதில்: அக்கா, தாளில் எழுதியவர் நீங்கள்தான், அதற்காகவே உங்களுக்கு முதலிடம். உங்கள் கடிதத்தில் நான் பேனையால் கோடு போட்டது நண்டுக்கும் இல்லை, காற்சட்டைக்கும் இல்லை. 'தாய் அவர்களுக்கு ஏதோ சொல்கிறாள், எனக்கு ஏதோ சொல்கிறாள்' என்ற இடத்தில். அந்த இரண்டு 'ஏதோ'வும் ஒன்றல்ல. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் என் பேத்தி வந்து இறங்கிய இரவு, சாப்பாட்டு மேசையில் நான் சொன்னது: "எலும்பும் தோலுமா இருக்கிறாய் பிள்ளை, வடிவாச் சாப்பிடு." அவள் தாயைப் பார்த்து இங்கிலீசில் நீளமாக ஒன்று சொன்னாள். மகள் என் பக்கம் திரும்பி, "பயணக் களைப்பாம் அம்மா, சமையல் நல்லாயிருக்காம்" என்றாள். நான் முப்பத்திரண்டு வருடம் புவியியல் படிப்பித்தவள். என் இங்கிலீசு அட்லஸ் வாசிக்கிற அளவுக்குத்தான். ஆனாலும் பேத்தி சொன்னதில் 'ரூட்' (rude) என்ற சொல் இரண்டு தரம் வந்தது எனக்குக் கேட்டது. சமையலைப் புகழும்போது அந்தச் சொல் இரண்டு தரம் வர நியாயமில்லை.

பிறகு ஒரு நாள் பேத்தியையே கேட்டேன். 'ஒருத்தருடைய உடம்பைப் பற்றி மேசையில் வைத்துக் கதைக்கிறது மரியாதையில்லை என்று அம்மம்மாவுக்குச் சொல்லுங்கோ' என்றுதான் சொன்னாளாம். இதில் பகிடி என்னவென்றால், நான் சொன்னது அவளுக்கு ஒருவரும் மொழிபெயர்க்காமலே விளங்கியிருக்கிறது. அவள் சொன்னதில் பாதி எனக்கும் விளங்கியிருக்கிறது. நடுவில் இருந்து இரண்டு பக்கமும் பூசி மெழுகிக்கொண்டிருந்த மகளுக்குத்தான் அந்த இரவு சாப்பாடு இறங்கவில்லை.

கனடாவில் வளரும் பிள்ளைகளில் கனபேருக்குத் தமிழ் விளங்கும், கதைக்கத்தான் வராது. வராது என்பதும் முழு உண்மையில்லை. 'நான் போனான்' என்று ஒரு தரம் சொன்னபோது மாமா, மாமி, சித்தப்பா எல்லோரும் சேர்ந்து சிரித்திருப்போம். அதோடு வாயை மூடிக்கொண்டார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது சிரித்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். நான் சிரித்தேன். ஏழு வயதில் அவள் 'மாடு குரைக்குது' என்றாள். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

சரி, எங்கள் வீட்டில் எப்படி மாறியது என்றால், மகளுக்குப் பல்வலி. கொழும்புக்குப் போய் இரண்டு நாள் நிற்க வேண்டியதாகிவிட்டது. நானும் பேத்தியும் மட்டும். முதல் நாள் காலை நான் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். அவள் வாசல்நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள், பிறகு கையை நீட்டினாள். எழும்பி இடம் விட்டேன். நீளக் கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் பக்கவாட்டாக இருந்து, சிரட்டையோடு சேர்த்துத் திருவினாள். வெள்ளைப் பூவில் கறுத்தச் சுணை. 'மெல்ல', 'திருப்பு', 'காணும்', 'கை கவனம்' என்ற நாலு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு தேங்காய் முடிந்தது. சம்பல் நெறுநெறு என்றது. இரண்டு பேரும் அதைத்தான் இடியப்பத்தோடு சாப்பிட்டோம். அவள் மூன்றாம் தரம் போட்டுச் சாப்பிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, கோப்பையையும் பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் டச்பே கடற்கரைக்கு நடந்தோம். கோட்டைக்குள்ளிருந்து இறங்கிவரும் புள்ளிமான்களை நாங்கள் மாடு ஆடு மாதிரிப் பார்த்துப் பழகிவிட்டோம். அவள் நடுத் தெருவில் அப்படியே நின்றுவிட்டாள். "ஆருடைய மான் அம்மம்மா?" அந்த வருடம் அவள் என்னிடம் முழுசாகக் கேட்ட முதல் தமிழ்க் கேள்வி அது. "ஒருத்தரின்டையும் இல்லைப் பிள்ளை." மான் குப்பைக்குள் தலையை விட்டு ஒரு சோற்றுப் பார்சலைப் பொலித்தீனோடு மெல்லத் தொடங்கியது. இவள் ஓடிப்போய் மற்ற நுனியைப் பிடித்து இழுத்தாள். மானும் விடவில்லை, இவளும் விடவில்லை. கடைசியில் பை கிழிந்து பாதி இவள் கையில், பாதி மானின் வாயில். அழுதாள். அறுபது வருடம் அந்தத் தெருவால் நடந்தவள் நான், ஒரு நாளாவது ஒரு பையைப் பிடித்து இழுத்ததில்லை.

ஆகவே அக்கா, மகளையும் மருமகனையும் நிலாவெளியில் ஒரு விடுதியில் இரண்டு இரவு கொண்டுபோய் விடுங்கள். அவர்களுக்கும் அது தேவை. பிள்ளைகளை வைத்துக்கொள்ளுங்கள். நண்டுக்கறியைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்துங்கள். ஒரு மாதம் விருந்து சாப்பிட்டால் எனக்கும்தான் கோப்பையைத் தள்ளத் தோன்றும். பேரனைக் கன்னியாவுக்குக் கூட்டிப்போய் ஒரு வாளியைக் கையில் கொடுங்கள். ஏழு கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. எது கூடச் சூடு என்று கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஓரமாக இருங்கள். கோவில் விசயத்தை முதல் நாள் இரவே, உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளும் முழங்கால் மூடித்தான் உள்ளே போகிறார்கள் என்றும் சொல்லுங்கள். இரண்டு பாவாடையைக் கட்டிலில் போட்டு எது வேணும் என்று கேளுங்கள். வெளிக்கிட்டு வாசலில் நிற்கும்போது 'போய் மாத்து' என்றால் எந்தப் பிள்ளையும் மாத்தாது. பதினாலு வயதில் நீங்கள் மாத்தியிருப்பீர்களா?

கேள்வி: மிளகாய்த்தூள் வறுத்து இடித்து வருடத்துக்கு இரண்டு தரம் பிரான்சுக்கு அனுப்புகிறேன். இந்த முறை மருமகளுக்கு வேண்டாமாம் என்று மகன் சொல்கிறான். கை நடுங்க நடுங்க இடித்தேன் ரீச்சர்.
(ஒரு மாமியார், மனையாவெளி)

பதில்: மருமகளுக்கு வேண்டாமென்று மருமகளா சொன்னாள்? உங்கள் பதிவை இரண்டு தரம் கேட்டேன், மகன் சொன்னதாகத்தான் இருக்கிறது. பாரிசில் லா சப்பலில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கின்றன, தூளுக்குப் பஞ்சமில்லை. மூன்று கிலோ தூளை அந்தக் குட்டி வீட்டில் எங்கே வைப்பது என்று உங்கள் மகனே யோசித்திருக்கலாம். மருமகளின் நம்பருக்கு நேரே எடுத்து, "என்ன பிள்ளை அனுப்ப?" என்று கேளுங்கள். 'ஒண்டும் வேண்டாம் மாமி' என்றால் ஒன்றும் அனுப்பாதீர்கள். வேறு ஏதாவது கேட்டால் அதை அனுப்புங்கள், தூளை அதற்குள் ஒளித்து வைக்காமல்.

கேள்வி: மகள் போன மாதம் பெரியபிள்ளையானாள். வயது பன்னிரண்டு. மண்டபம் பார்த்து முற்பணமும் கட்டியாயிற்று. 350 பேர், குதிரை வண்டி, மேடை, வீடியோ, நாலு தரம் உடுப்பு மாற்றல். மற்றவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் நாங்கள் மொய் எழுதியிருக்கிறோம். இப்போது பிள்ளை அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறாள். திருகோணமலையில் இருக்கும் என் அம்மா, செய்யாவிட்டால் சாப்பிட மாட்டேன் என்கிறார். நான் யார் பக்கம் நிற்க?
(ஒரு தகப்பன், மார்க்கம், கனடா)

பதில்: பிள்ளையின் பக்கம்.

மிச்சத்தை உங்கள் அம்மாவுக்காக எழுதுகிறேன், வாசித்துக் காட்டுங்கள். 1968 இல் எனக்குச் செய்தார்கள். மூலையில் பாய், வேப்பிலை, பக்கத்தில் ஒரு இரும்புத் துண்டு. காலையில் வெறுவயிற்றில் நல்லெண்ணெயும் பச்சை முட்டையும். மாமி தலைக்குத் தண்ணி வார்த்தா. ஆம்பிளைகள் கண்ணில் படக்கூடாது. பள்ளிக்கூடம் இல்லை. கணக்குப் பாடத்தில் பின்னம் படிப்பித்து முடித்துவிட்டார்கள், இன்றைக்கும் எனக்குப் பின்னம் தடுமாறும். ஆராத்தி எடுத்த அன்று சொந்தக்காரர் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் என்னை ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண் வளர்கிறாள் என்று ஊருக்கு அறிவிப்பதுதான் அந்தச் சடங்கு. உங்கள் மகள் இதைச் சரியாகத்தான் விளங்கிக்கொண்டிருக்கிறாள். தன் உடம்பில் நடந்ததை 350 பேருக்கு அறிவிக்க வேண்டாம் என்கிறாள். பன்னிரண்டு வயதில் அவளை யாருக்குக் கட்டிக் கொடுக்கப் போகிறீர்கள், அறிவிக்க?

குதிரை வண்டி எங்கள் ஊர்ச் சடங்கில் எக்காலத்திலும் இருந்ததில்லை. அது நீங்கள் அங்கே போய்ச் சேர்த்துக்கொண்டது. அதைப் பண்பாடு என்று பிள்ளையிடம் சொன்னால் அவள் சிரிப்பாள்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள் தம்பி. அம்மாவிடம் 'பிள்ளை மாட்டேன் என்கிறாள்' என்று சொல்லாதீர்கள். 'நான் வேண்டாம் என்று விட்டேன் அம்மா' என்று சொல்லுங்கள். முதல் வசனத்தைச் சொன்னால் அடுத்த முப்பது வருடத்துக்கும் அவள் அப்பம்மாவின் கணக்கில் அடங்காத பிள்ளை. இரண்டாவதைச் சொன்னால் நீங்கள் ஒரு மாதம் ஏச்சு வாங்குவீர்கள், அவ்வளவுதான். ஏச்சு வாங்கத்தானே தகப்பன். அம்மாவுக்கு ஒரு வேலையும் கொடுங்கள். வீடியோவில் உழுத்தங்களி கிண்டச் சொல்லித் தரட்டும்: வறுத்த உழுத்தம்மா, கொஞ்சம் அரிசிமா, பனங்கட்டி, தேங்காய்ப்பால், கடைசியில் நல்லெண்ணெய். இடுப்புக்குப் பலம் என்று எங்கள் ஆச்சி சொல்லுவா. நான் ருசிக்காகத்தான் சாப்பிட்டேன். பிள்ளை சாப்பிட்டால் சாப்பிடட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 76. அப்பா போன பிறகு திருகோணமலை வீட்டில் தனியே இருக்கிறார். லண்டனுக்கு ஒரு தரம் கூப்பிட்டேன். ஆறு மாத விசாவில் நாலு மாதம் இருந்துவிட்டு, 'என்னை அனுப்பிவிடு' என்று அழுதார். அண்ணா அவுஸ்திரேலியாவில், தங்கை நோர்வேயில். வீட்டை விற்றுவிட்டு அம்மாவை நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்துச் சேர்க்கலாம் என்கிறார்கள். எனக்கு மனமில்லை. இதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவே வைத்து ஒரு வருடமாகக் கதைக்கிறோம். முடிவு வரவில்லை.
(ஒரு மகள், ஹரோ, லண்டன்)

பதில்: பிள்ளை, உங்கள் குழுவுக்கு என்ன பெயர் என்று திருப்பிக் கேட்டு எழுதினேன். 'அம்மா' என்று பதில் வந்தது. அதில் அம்மா இருக்கிறாரா என்று மறுபடியும் கேட்டேன். இரண்டு நாளாகியும் பதில் இல்லை. ஆகவே இல்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் அழுதது பற்றி. 2017 மார்கழியில் நானும் மகளிடம் ஸ்காபரோவுக்குப் போய் ஆறு மாதம் இருந்தேன். காலை ஆறரைக்கு மகள் போவாள், ஏழரைக்கு மருமகன், எட்டுக்குப் பேத்தி. பிறகு பின்னேரம் நாலு மணி வரை நானும் சூடாக்கி இரைகிற சத்தமும்தான். கதவைத் திறந்தால் பனி. திருகோணமலையில் நான் காலையில் படலையடியில் நின்றால் மீன்காரன், பால்காரன், அடுத்த வீட்டு மருமகள் என்று பத்துப் பேரோடு கதைத்துவிடுவேன். அங்கே இரண்டாம் மாதத்தில் வீடு விற்கிற விளம்பரக்காரன் போனில் வந்தபோது அவனோடு கால் மணித்தியாலம் கதைத்தேன். அவன்தான் முதலில் வைத்தான். பிள்ளைகள் நன்றாகப் பார்த்தார்கள், குறையில்லை. அதனால்தான் அழவும் முடியவில்லை. உங்கள் அம்மா அழுதிருக்கிறார், என்னைவிடத் துணிச்சல்காரி.

ஆனால் அந்த ஆறு மாதம் வீணில்லை. மகள் இரவு ஒன்பதுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே படியில் ஐந்து நிமிடம் இருப்பாள். ஒன்றும் கதைக்க மாட்டாள். அதுவரைக்கும் அவள் போனில் 'பிறகு எடுக்கிறேன் அம்மா' என்று சொல்லும்போதெல்லாம் நான் கோவித்திருக்கிறேன். அந்தப் படியை எனக்குத் தெரியாதே.

இனிச் சட்டம். பிரித்தானியாவில் வயதான தாய் தகப்பனை நிரந்தரமாக எடுப்பது 2012 யூலையிலிருந்து மிகக் கடினம். அன்றாடக் காரியங்களுக்கே மற்றவர் உதவி தேவை என்றும், காசு அனுப்பினாலும் அந்த உதவி ஊரில் கிடைக்காது என்றும் காட்ட வேண்டும். உங்கள் அம்மா கிணற்றில் தண்ணி அள்ளுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே லண்டன் என்பது இப்போதைக்குக் கதையில் இல்லை. வீட்டை உங்கள் பெயருக்கு எழுதும் பேச்சு வந்தால் அதற்கு முதல் ஒரு நொத்தாரிசுவிடம் போங்கள். 2014 இல் வந்த சட்டத்தின்படி வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணி எழுதுவதில் கட்டுப்பாடு உண்டு. இரட்டைக் குடியுரிமை இருந்தால் நிலைமை வேறு. மூன்று பேரில் யாரிடம் அது இருக்கிறது என்று பாருங்கள்.

நான் செய்வது என்னவென்று சொல்கிறேன். நானும் தனியேதான் இருக்கிறேன். முன் அறை இரண்டையும் கோணேசபுரி பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். ஒருத்தி வவுனியா, மற்றவள் நுவரெலியா. வாடகையைவிட எனக்குப் பெரிய காரியம், காலையில் ஆறரைக்கு நான் எழும்பாவிட்டால் ஒருத்தி கதவைத் தட்டுவாள். குளியலறையில் இரும்புக் கைபிடி போட்டேன், நிலத்துக்குச் சறுக்காத கல் பதித்தேன். அதைத்தான் மூன்று பிள்ளைகளும் காசு போட்டு முதலில் செய்ய வேண்டும், அதற்கு ஒரு வருடம் கூட்டம் தேவையில்லை. கிளினிக் நாளுக்குக் கூடப்போக நம்பிக்கையான ஒரு ஓட்டோக்காரர். அவருக்கு மாதக் கணக்கில் காசு.

முதியோர் இல்லம் கூடாது என்று நான் சொல்லவில்லை. என் சிநேகிதி ஒருத்தி தானாகவே போய்ச் சேர்ந்தாள். சீட்டு விளையாட ஆள் கிடைத்தது என்று சந்தோசமாக இருக்கிறாள். அவள் தானாகப் போனாள். இன்று இரவே அம்மாவை அந்தக் குழுவில் சேருங்கள். ஒரு வருடமாக எழுதியதெல்லாம் அவருக்குத் தெரியாது, பயப்படாதீர்கள். புதிதாகச் சேர்கிறவருக்குப் பழையவை பொதுவாகத் தெரிவதில்லை என்று என் வாடகைக்காரப் பிள்ளை சொன்னாள். தெரிந்தாலும்தான் என்ன?

கேள்வி: மகன் சுவிஸில். ஒவ்வொரு ஞாயிறும் இரவு எட்டுக்கு எடுப்பான். 'சாப்பிட்டீங்களா? குளிசை போட்டீங்களா?' மூன்று நிமிடம். பிறகு தாயிடம் கொடு என்பான். என்னோடு என்ன கோபம் அவனுக்கு?
(ஒரு தகப்பன், சாம்பல்தீவு)

பதில்: நீங்கள் அவனிடம் என்ன கேட்கிறீர்கள் ஐயா? அதை எழுதவில்லையே. இங்கே இரவு எட்டு என்றால் அங்கே கோடையில் நாலரை, குளிர்காலத்தில் மூன்றரை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அவன் அநேகமாகப் பிள்ளையைப் பந்து விளையாட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் காருக்குள் இருந்துதான் எடுப்பான். அடுத்த முறை குளிசைக் கேள்விக்கு 'ஓம்' என்றதும், காரில் என்ன பழுது, அங்கே ரயர் என்ன விலை என்று கேளுங்கள். ஆம்பிளைகளுக்கு ரயரில் தொடங்கினால்தான் வாய் திறக்கும். எங்கள் வீட்டுக்காரர் மருமகனோடு அப்படித்தான் இருபது வருடம் சமாளித்தார்.

கேள்வி: (இது ஜேர்மன் மொழியில் எழுதி, போனே தமிழாக்கி வந்தது. 'மதிப்பிற்குரிய ஆசிரியை, என் தந்தை ஒரு மூடப்பட்ட கடை' என்று தொடங்குகிறது. அதைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. மிச்சத்தைச் சுருக்கித் தருகிறேன்.) எனக்கு 19 வயது. டோர்ட்முண்டில் பிறந்தேன். அப்பா சம்பூர். 1985 இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்தார் என்று மாமா சொன்னார். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். ஏன் வந்தீர்கள், என்ன நடந்தது என்று கேட்டால் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவார். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு 'அப்பாவைக் கேட்காதே' என்பார். அடுத்த வருடம் நான் தனியாகத் திருகோணமலைக்கு வரப் போகிறேன். அப்பா வரமாட்டார்.
(ஒரு மகன், டோர்ட்முண்ட்)

பதில்: தம்பி, அம்மா சொல்வதும் உண்மைதான், ஆனால் அது அம்மாவின் பயம். அப்பா என்ன நினைக்கிறார் என்று அதற்குள் தெரியாது.

உங்கள் மாமா சொன்ன வழி உண்மையான வழி. எண்பதுகளின் முற்பகுதியில் எங்கள் பொடியள் கனபேர் அப்படித்தான் போனார்கள். கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்குவது, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் போவது. நகரை இரண்டாகப் பிரித்த மதிலை மேற்குப் பக்கம் நாட்டு எல்லை என்று ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பார்க்க ஆள் இருக்கவில்லை. 1986 இல் அந்த வழி முழுதாக அடைபட்டது. அதே வருடம் ஆகஸ்டில், ஜேர்மனியிலிருந்து கப்பலேறிய 150க்கும் மேற்பட்ட தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் மிதந்தார்கள். மீனவர்கள் கண்டு காப்பாற்றினார்கள். உங்கள் அப்பாவுக்கு அப்போது உங்கள் வயதுதான் இருந்திருக்கும். பேர்லின் உங்களுக்கு ரயிலில் சில மணித்தியாலம். அப்பா வந்த அந்த வழியை ஒரு தரம் போய்ப் பாருங்கள்.

சம்பூரைப் பற்றி அப்பாவுக்குத் தெரிந்ததும் இப்போது இருப்பதும் வேறு வேறு. 2006 இல் அந்த ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. சனங்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் முகாம்களில் வருடக் கணக்கில் இருந்தார்கள். 2015 இலிருந்துதான் காணிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கிடைத்தன. என்னோடு படிப்பித்த சம்பூர்க்காரி ஒருத்தி தன் வளவைத் தேடிப் போனாள். வீடும் இல்லை, வேலியும் இல்லை, ஒரே பற்றை. கிணற்றுக் கட்டைக் கண்டுபிடித்து, அதிலிருந்து காலடி எண்ணி, 'இது குசினி, இது சாமியறை' என்று நின்று காட்டினாள். நான் கூடப் போயிருந்தேன். பதினேழு காலடி. அவள் பிழைவிடவில்லை.

ஆகவே அப்பாவிடம் 'என்ன நடந்தது' என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எங்களில் ஒருவருக்கும் பதில் வராது, நானும் தொலைக்காட்சியைக் கூட்டுவேன். ஒரு தாளையும் பென்சிலையும் மேசையில் வைத்து, 'நான் அங்கே போகிறேன் அப்பா, கிணறு வீட்டுக்கு எந்தப் பக்கம் இருந்தது?' என்று கேளுங்கள். அம்மா இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். அம்மா இருந்தால் அப்பாவுக்கு முதல் அவர் பதில் சொல்லிவிடுவார்.

வருவதானால் கொழும்புக் கோட்டையிலிருந்து இரவு ரயிலில் வாருங்கள். விடியப் போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினால் திருகோணமலை. அங்கிருந்து சம்பூருக்கு பஸ், கிண்ணியாவும் மூதூரும் தாண்டி. அப்பாவின் காலத்தில் மூதூருக்கு லோஞ்சில் கடலால் போனோம். தரையால் போனால் ஒவ்வொரு துறையிலும் 'பாதை'க்குக் காத்து நிற்க வேண்டும். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் வாகனத்தை ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. உங்கள் போன் அதைத் தெரு என்று மொழிபெயர்க்கும், நம்பாதீர்கள். 2009 இல் கிண்ணியாப் பாலம் வந்தது, பிறகு மற்றப் பாலங்களும் வந்தன. அப்பா இவை ஒன்றையும் கண்டதில்லை. பாலத்தின் நடுவில் பஸ் போகும்போது ஒரு படம் எடுத்து, ஒரு சொல்லும் எழுதாமல் அவருக்கு அனுப்புங்கள். 'இது எந்த இடமடா?' என்று கேட்டால், 'நீங்களே சொல்லுங்கோ' என்று விட்டுவிடுங்கள்.

போகும்போது இடப்பக்க ஜன்னலில் இருங்கள். கொட்டியாரக் குடா அந்தப் பக்கம்தான்.